கண்ணைக் கட்டி ஊட்டிய களி

ஒடோக்கிக்குச் சாப்பாடு கொடுப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

அடுப்பு அவன் கண்ணில் படக்கூடாது. அதனால் அவன் வீட்டில் அடுப்பே கிடையாது. சமையல் என் வீட்டில்தான். என் வீடு அவர்கள் வீட்டுக்குக் கீழே, கைப்பம்புக்குப் போகும் பாதையின் இந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் மேட்டில் காற்று பெரும்பாலும் அங்கிருந்து இங்கே வீசும். அதனால் என் அடுப்பின் புகையும் மணமும் அவனிடம் போகாது. களி வெந்ததும் அவன் அக்கா ஆர்யேமோ அதைச் சுரைக் குடுவையில் போட்டு, குழம்பை இன்னொன்றில் ஊற்றி, இரண்டையும் மூடிக்கொண்டு மேலே ஏறுவாள். தானியக் குதிருக்குப் பின்பக்கமாகத்தான் போவாள். ஒடோக்கி குதிருக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்திருப்பான்.

"தம்பி, நான்தான்" என்பாள். பிறகு பின்னாலிருந்தே அவன் கண்ணைத் துணியால் கட்டுவாள். அவர்களுடைய அம்மாவின் பழைய நீலத் துணியிலிருந்து கிழித்த பட்டை அது. இரண்டு மடிப்பு வேண்டும், ஒரு மடிப்பில் வெளிச்சம் தெரியும். வெந்நீரில் அவன் கையையும் தன் கையையும் கழுவுவாள். குளிர்ந்த நீர் ஆகாது, அதுவும் அவனைக் கவிழ்க்கும். பிறகு களியைக் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து, முதலில் உதட்டில் தொடுவாள். தொட்டதும் வாய் திறக்கும். ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, குடுவைகளை மூடிக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டு, அதன் பிறகே துணியை அவிழ்ப்பாள்.

இப்படிச் செய்தால் பெரும்பாலான நாட்களில் அவன் தலை ஆடாது.

தலையாட்டி நோய் என்று சொல்கிறோம். சாப்பாட்டைப் பார்த்ததும் பிள்ளையின் தலை முன்னால் தொங்கும், நிமிரும், தொங்கும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட பிரசங்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருக்கும். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு கண் மேலேறி, வாயில் நுரை தள்ளி, பிள்ளை இருந்த இடத்திலேயே விழும். அடுப்புப் பக்கத்தில் இருந்தால் அடுப்பில் விழும். ஆற்றோரத்தில் இருந்தால் ஆற்றில். உலகத்தில் இது எங்கள் பக்கத்திலும் இன்னும் ஓரிரு இடங்களிலும் மட்டும் இருக்கிறதாம்.

ஏன் வருகிறது? போர்க்கால அகதி முகாம்களிலிருந்து வீடு திரும்பிய பிறகு எங்கள் பெரியவர்கள் சொன்னது, போரில் புதைக்கப்படாமல் கிடந்தவர்களின் ஆவி என்று. எனக்கு ஈயின் கணக்குத்தான் பிடித்திருந்தது. நான் இந்தக் கிராமத்தின் சுகாதாரத் தொண்டர். ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்: அஸ்வா ஆறு பாறைகளில் மோதி வேகமாக ஓடும் இடத்தில்தான் கறுப்பு ஈ முட்டையிடும். குஞ்சுப்புழு நீரில் தொங்கும் புல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பின்பக்கத்தால் பிடித்துக்கொண்டு, வாயால் ஓடுகிற நீரைச் சலித்துத் தின்னும். ஓடாத நீரில் அதற்குத் தீனி வராது. ஆகவே புல்லை வெட்டிவிட்டால் அதற்குப் பிடிமானம் இல்லை. நாங்கள் வரிசையாக நீரில் இறங்கிப் புல்லை வெட்டினோம். அந்த ஆண்டு ஈ குறைந்தது உண்மை. ஈ கடித்து உள்ளே விடும் ஏதோ ஒன்று மூளையைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் நினைக்கிறார்கள். நிச்சயமாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கெட்டுப்போன மூளையைத் திருப்பிச் சீராக்கவும் வழி இல்லை.

"அக்கா, உன்னை ஈயைப் பத்திப் பேச விட்டா உனக்குச் சாப்பாடே வேணாம்" என்பாள் ஆர்யேமோ.

கண்கட்டு யாரும் சொல்லித் தந்தது அல்ல. அவளும் நானும் கண்டுபிடித்தது. ஒருமுறை தேவாலயத்துக்கு வந்த யாரோ ஒருவர் ஒடோக்கி கையில் சாக்லேட்டைத் திணித்துவிட்டார். நாங்கள் பதறி ஓடினோம். அவன் அமைதியாகத் தின்றுகொண்டிருந்தான், தலை அசையவில்லை. யோசித்துப் பார்த்தேன். தெரியாத தீனி அவனை ஒன்றும் செய்வதில்லை. தெரிந்த தீனிதான் கவிழ்க்கிறது. கேழ்வரகுக் களி, அவரை, கடலை விழுது போட்ட புளிச்சகீரை, அதாவது அவன் அம்மா சமைத்ததெல்லாம். அப்படியானால் பார்க்காமல் தின்றால்? அன்றைக்கே நீலத் துணியைக் கிழித்தோம்.

அது ஓர் ஆண்டுக்கு முந்தைய கதை. சுகாதார நிலையத்தில் வலிப்பு மருந்து சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. துணி எப்போதும் இருந்தது. ஒடோக்கி சதை போட்டான். கோழிகளின் பேரெல்லாம் திரும்ப நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஆறு வயதுக்காரனைப் போலப் பேசினான், ஆனால் பேசினான்.

ஆர்யேமோவுக்கு இருபத்தொன்று. அம்மா முகாமிலிருந்து திரும்பிய அடுத்த ஆண்டே இறந்துவிட்டாள். அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், வருவதில்லை. தம்பியை விட்டு அவள் சந்தைக்குக்கூட முழுதாகப் போனதில்லை. தக்காளியை வைத்துவிட்டு நான்கு பேரிடம் விற்றதும் ஓடி வந்துவிடுவாள். இந்த நிலையில்தான் நியெக்கோ அவளைக் கேட்டான்.

நியெக்கோ செங்கல் சூளை போடுகிறவன். அதிகம் பேசமாட்டான். என் வீட்டுச் சுவருக்குக் கல் கொண்டுவந்தபோது அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு என் சுவருக்குத் தேவைக்கு மேல் கல் வந்தது. அவளும் தலைத்துணியைக் கண்ணாடியில் பார்த்துக் கட்டத் தொடங்கினாள். முறைப்படி அவன் அத்தைமார் இருவர் பெண்ணைப் பார்க்க வந்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் அடுப்பைப் பார்ப்பார்கள். மூன்று கல்லும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறதா, சாம்பல் வாரியிருக்கிறதா, பானைகள் கவிழ்த்திருக்கிறதா. அந்த அடுப்பில் வெந்ததைத்தான் சாப்பிடுவார்கள். ஆர்யேமோ அவர்களை என் வீட்டில் உட்காரவைத்தாள்.

"இது யார் வீடு?" என்றாள் மூத்த அத்தை.

"லாம்வாக்கா அக்கா வீடு."

"உன் வீடு?"

"மேல இருக்கு, அத்தை."

"பொண்ணு பார்க்க வந்தவங்கள பக்கத்து வீட்டுல உட்காரவச்சுச் சாப்பாடு போடுறியே. உன் வீட்டு அடுப்புக் கல்லு மூணையும் நரி தூக்கிட்டுப் போயிடுச்சா?"

நான் குறுக்கிட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, துணி எதற்கு, ஈ எங்கே முட்டையிடுகிறது என்று சொல்லத் தொடங்கினேன்.

"நீ கொஞ்சம் நிறுத்தும்மா" என்றாள் அத்தை. "நாங்க ஈக்கு மாப்பிள்ளை பேச வரல."

இளைய அத்தை சிரித்துவிட்டாள். ஆனாலும் இருவரும் என் களியைத் தின்றார்கள், கீரை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். போகும்போது மேட்டைப் பார்த்தார்கள். குதிர் ஓரத்தில் ஒடோக்கி உட்கார்ந்து ஒரு கோழியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

சில நாள் கழித்து நியெக்கோ வந்தான். கையிலிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"அத்தைங்களுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்றான். "தம்பி மட்டும் கூட வரக்கூடாதாம். நான் சொல்லல. அவங்க சொல்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"எள்ளு அறுப்பு வரைக்கும் காத்திருக்கேன்னு சொல்றேன். அதுக்குள்ள அவனுக்கு ஒரு இடம் பார்த்துட்டா..."

"அவன் என்ன ஆட்டுக்குட்டியா, இடம் பார்த்துக் கட்ட?"

ஆனால் அவளும் இடம் பார்க்கத் தொடங்கினாள். அவள் சித்தி மறுத்தாள். மாமா வீட்டில் குழந்தைகள் சின்னவர்கள், ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தார்கள். ஒட்டாது என்று நான் போய் விளக்கினேன். கேட்டுவிட்டு, பயப்படுவதை மட்டும் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் நகரத்தில் தலையாட்டிப் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு பராமரிப்பு இல்லம் திறந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வரிசையாகக் கட்டில்கள், தினமும் மருந்து. அந்நியர்கள் கட்டிய இடம், அங்கே சமைக்கவும் ஊட்டவும் ஆள் இருக்கும், பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்று கைப்பம்பில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆர்யேமோ அன்றைக்குக் களியைக் கிண்டும்போது பாடினாள்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு பள்ளி மைதானத்துக்கு வந்தது. மருத்துவ உதவியாளர் ஒப்பிரா என்பவர்தான் பார்த்தார். எங்கள் மொழிக்காரர், இளைஞர், ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் எலும்பும் தோலுமாக, எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார்கள். அடோங் என்பவளின் மகளுக்குப் பாதி முகம் வெந்து தழும்பாகியிருந்தது. அவளுக்கு உடனே இடம் கிடைத்தது.

ஒடோக்கியின் முறை வந்தது.

"பேரு என்ன?"

"ஒடோக்கி."

"இது என்ன?"

"பேனா. உங்க சட்டையில பொத்தான் ஒண்ணு இல்ல."

ஒப்பிரா சிரித்தார். அவன் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கன்னத்தைத் தட்டினார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார் ஆர்யேமோவிடம்.

"அப்போ எடுத்துப்பீங்களா, டாக்டரய்யா?"

அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "அதுதான்மா சிக்கல். போன தடவை வேற வலிப்பு உள்ள பிள்ளைங்களையும் எடுத்துட்டோம். பெரிய டாக்டர்கள் திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப விதி என்னன்னா, தலை ஆடுறத எங்க கண்ணால பார்க்கணும். வீட்டுக்காரங்க சொல்றது மட்டும் போதாது."

"இவனுக்கு ஆடும். நான் துணி கட்டி ஊட்டுறதால இப்ப வர்றதில்ல."

அவர் துணியைப் பற்றிக் கேட்டார். நான் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார், இரண்டு கேள்வியும் கேட்டார். நல்ல யோசனை என்றார். பிறகு, "இன்னும் ஒரே ஒரு கட்டில்தான் பாக்கி" என்றார். "நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வர்றேன். அவனுக்குப் பழக்கமான சாப்பாட்ட, துணி இல்லாம, முன்னால வைங்க. ஆடினா எடுத்துக்கறேன்."

திரும்பும்போது அடோங் எங்களோடு நடந்து வந்தாள்.

"ரொம்ப நல்லா வளர்த்துட்டடி, அதான் தப்பு" என்றாள் ஆர்யேமோவிடம். "என்னைப் பாரு, நெருப்புல விழ விட்டேன், இடம் கிடைச்சுது." அவளே சிரித்தாள். யாரும் கூடச் சேரவில்லை. பிறகு மகளின் முகத்தைத் தன் துணியால் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

அன்று பிற்பகல் என் வீட்டு முற்றத்தில் கடலை உரித்தோம். ஒடோக்கி மேலே தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவைதானே" என்றாள் ஆர்யேமோ.

"ஒவ்வொரு தடவையும் மூளையில கொஞ்சம் போகுது. இத்தனை மாசமா அவன் ஏன் பேசுறான்னு நினைக்கிற? தலை ஆடாததாலதான். வீட்டுல தண்ணி கசிஞ்சா சுவரு முதல்ல..."

"அக்கா."

"என்ன?"

"எல்லாத்துக்கும் உன்கிட்ட விளக்கம் இருக்கு. ஈக்கு இருக்கு, புழுவுக்கு இருக்கு, காத்துக்கு இருக்கு. எனக்கு ஏதாவது வச்சிருக்கியா?"

நான் கடலையை உரித்தேன்.

"உன் பிள்ளைங்க மூணும் தானா சாப்பிடுது" என்றாள். "நீ திருவிழாவுக்குப் போற, பயிற்சிக்குப் போற. நான் அந்தக் குதிருக்குப் பின்னால வாழ்ந்துட்டு இருக்கேன். அவன் எனக்கு உயிருதான். ஆனா நான் கிழவியாகுற வரைக்கும் அந்தத் துணியை முடிஞ்சு முடிஞ்சு அவிழ்க்கணுமா? அங்க மருந்து தினம் கிடைக்கும். எனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது. ஒரு தடவை விழுந்தா விழட்டும். பாய் விரிச்சு வைப்போம்."

"விழுந்த பிறகு எடுத்துக்கலேன்னா?"

"அப்போ நீ வந்து விளக்கு."

எந்தச் சாப்பாட்டைச் செய்வது என்று மட்டும் கேட்டேன். நிச்சயமாகத் தலையாட்டக் கூடியது எது என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள் என்று இருவருக்கும் தெரியும்.

"புளிச்சகீரை" என்றாள் அவள். "அம்மா செய்ற மாதிரி. கடலை விழுது நிறையப் போட்டு."

மறுநாள் காலையில் சமைத்தேன். புளிச்சகீரையை முதலில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் கூசும். விழுதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னால் சேர்த்தால் எண்ணெய் பிரிந்துவிடும். கவனமாகத்தான் செய்தேன்.

ஒப்பிரா ஓர் உதவியாளருடன் வந்தார். ஆர்யேமோ முற்றத்தைப் பெருக்கி இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். குதிருக்கு முன்னால் பாய், பாயைச் சுற்றிக் கல் எதுவும் இல்லாமல் பொறுக்கியிருந்தாள். ஒடோக்கி கண்கட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தான்.

"யாரு வந்திருக்கா?" என்றான்.

"பேனாக்காரர்" என்றாள் ஆர்யேமோ.

"பொத்தான் தச்சாச்சா?"

"தச்சாச்சுப்பா" என்றார் ஒப்பிரா. தைத்திருக்கவில்லை.

நான் பானையைத் தலையில் சுமந்து மேட்டில் ஏறினேன். இந்த முறை குதிருக்குப் பின்பக்கமாக வரவில்லை, நேரே முற்றத்துக்கு வந்தேன். பானையையும் களியையும் பாயின் விளிம்பில் வைத்து மூடியைத் திறந்தேன். ஆவி எழுந்தது. அவன் மூக்கு விரிந்தது.

ஆர்யேமோ பின்னாலிருந்து முடிச்சில் கை வைத்தாள்.

"இன்னும் ஊட்டவே இல்லையே" என்றான் ஒடோக்கி.

அவள் அவிழ்த்தாள்.

அவன் கண்ணைச் சுருக்கி வெளிச்சத்துக்குப் பழகினான். பிறகு பானையைப் பார்த்தான். ஓர் ஆண்டாக அவன் தன் சாப்பாட்டைப் பார்த்ததே இல்லை. முகம் அப்படியே மலர்ந்தது.

"பச்சையா இருக்கு" என்றான். "அக்கா, இது அம்மா..."

தலை தொங்கியது. நிமிர்ந்தது. தொங்கியது. ஒப்பிரா கைக்கடிகாரத்தைப் பார்த்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். ஒடோக்கி இரண்டு ஆட்டத்துக்கு நடுவே திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் கையில் நீலத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க அவன் கை நீண்டது. பிறகு கண் மேலேறியது. உடம்பு விறைத்துப் பாயில் சாய்ந்து உதறத் தொடங்கியது. நான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், எச்சில் வெளியே வழிய வேண்டும். உதறல் நெடுநேரம் நிற்கவில்லை. பழைய உதறல்களைவிட நீளம்.

"போதும்" என்றார் ஒப்பிரா மெதுவாக. "இதேதான். எடுத்துக்கறேன்."

வழக்கம் என்ற ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வெந்த சாப்பாடு திறந்திருக்கும்போது, சாப்பிடாமல் எழுந்து போவது அந்த வீட்டைச் சபிப்பதற்குச் சமம். ஒப்பிரா எங்கள் மொழிக்காரர், அவருக்குத் தெரியும். கை கழுவினார். உதவியாளரும் கழுவினார். ஆர்யேமோ மண்டியிட்டுப் பரிமாறினாள். ஒடோக்கி பாயில் கிடக்க, அவர்கள் களியைக் கிள்ளிப் புளிச்சகீரையில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். ஓர் ஆண்டில் அந்த முற்றத்தில் விருந்தாளிகள் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

"நல்லா இருக்கு" என்றார் ஒப்பிரா. அவரால் வேறென்ன சொல்ல முடியும்? விரலைத் துடைத்துக்கொண்டே, "வண்டி அடுத்த வாரம் வரும். பாய், போர்வை, ஒரு பானை எடுத்துக்கணும். கூட யாரு வர்றீங்க?" என்றார்.

"கூடன்னா?" என்றாள் ஆர்யேமோ.

"அவனோட தங்குறதுக்கு. மருந்து நாங்க கொடுப்போம், தானியமும் தருவோம். சமைக்கிறது, ஊட்டுறது, குளிப்பாட்டுறது எல்லாம் வீட்டாள்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆள் கட்டாயம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவன் அங்க இருக்கிற வரைக்கும்."

எந்த மருத்துவமனையில் நோயாளியோடு வீட்டாள் இல்லாமல் நாங்கள் பார்த்திருக்கிறோம்? பிரசவத்துக்குப் போனாலும் அம்மாவோ சகோதரியோ பானையோடு கூடப் போகிறோம். சிமெண்டுத் தரை என்றதும் இது வேறு மாதிரி என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். கேட்டிருக்கலாம். மைதானத்தில் அவரிடம் அத்தனை பேசினேனே, துணி எத்தனை மடிப்பு என்று சொன்னேனே, இதைக் கேட்கவில்லை.

ஆர்யேமோ சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. உதவியாளர் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஒடோக்கிக்கு நினைவு திரும்பியது. ஆர்யேமோ அவனைத் தூக்கி உட்காரவைத்து, முகம் கழுவி, துணியைக் கட்டினாள். வலிப்புக்குப் பிறகு அவனுக்குப் பசிக்கும், அது எங்களுக்குத் தெரியும். களியைக் கிள்ளித் தோய்த்து உதட்டில் தொட்டாள்.

வாய் திறக்கவில்லை.

"தம்பி, நான்தான்."

அவன் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான்.

"நான்தான்டா. துணி கட்டியாச்சு. பாரு, தொட்டுப் பாரு."

தலையைத் திருப்பிக்கொண்டான். அவள் மறுபக்கம் போனாள், அவன் இந்தப் பக்கம் திரும்பினான். களி அவன் சட்டையில் விழுந்தது. நான் ஒரு கவளத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல் அவன் உதட்டில் தொட்டேன். வாய் திறந்தது. அவன் மென்றான், விழுங்கினான், மறுபடியும் திறந்தான்.

பானையைச் சுமந்து வந்து அவன் முன்னால் திறந்தது என் கை. ஆனால் அதை அவன் பார்க்கவில்லை, அப்போது கண் கட்டியிருந்தது. அவன் பார்த்தது துணியைப் பிடித்திருந்த கையை.

"ஓ, இவங்க கையில சாப்பிடுறான்" என்றார் ஒப்பிரா, நல்லெண்ணத்தோடுதான். "அப்போ இவங்க வரலாமே."

ஆர்யேமோ என்னைப் பார்த்தாள். என் மூன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். என் கேழ்வரகு களையெடுக்காமல் நின்றது. நான் வாயைத் திறந்தேன். என்ன வந்திருக்கும் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"நான் அவன் அக்கா" என்றாள் ஆர்யேமோ. "நான்தான் வருவேன்."

வண்டி வரும் வரை நான் ஊட்டினேன், அவள் குதிருக்குப் பின்னால் நின்றாள். வண்டியில் ஏறும்போது அவன் கோழிகளின் பேரைச் சொல்லி விடைபெற முயன்றான். இரண்டு கோழிகளின் பேர் நினைவுக்கு வரவில்லை.

எள் அறுப்பு முடிந்து நான் நகரத்துக்குப் போனேன். சைக்கிளில் அரை நாள். இல்லம் சுத்தமாக இருந்தது, மருந்து உண்மையாகவே தினமும் கிடைத்தது. முற்றத்தில் வரிசையாக அடுப்புகள். அடுப்புக்கொரு வீட்டாள், பெரும்பாலும் அம்மாக்கள், சில அக்காக்கள். பிள்ளைகளை அடுப்புக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருந்தார்கள். பாதிப் பிள்ளைகளின் கண்ணில் துணி இருந்தது. பூப்போட்டது, கோடு போட்டது, யாரோ ஒருவரின் பள்ளிச் சட்டைக் கிழிசல்.

"இது எங்களோடது பரவிடுச்சே!" என்றேன். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. யார் யார் எத்தனை மடிப்புக் கட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"வந்துட்டா விளக்கக்காரி" என்றாள் அடோங்.

ஆர்யேமோ அடோங்கின் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அடோங் பக்கத்துப் பாயில் ஒடோக்கிக்கு ஊட்டினாள். இரண்டு பாயும் ஒட்டிக் கிடந்தன. ஆர்யேமோவின் முதுகு கிட்டத்தட்ட ஒடோக்கியின் முதுகைத் தொட்டது. அவன் இளைத்திருந்தான். அவன் கண்ணில் அதே நீலத் துணி.

நான் ஆர்யேமோவிடம் ஏதோ கேட்டேன். அவள் விரலை உதட்டில் வைத்தாள், பின்னால் இருந்த தம்பியைக் கண்ணால் காட்டினாள். அவள் குரல் கேட்டால் அவன் வாய் மூடிக்கொள்ளும் என்று அடோங் தாழ்ந்த குரலில் சொன்னாள். மற்ற நேரங்களில் பரவாயில்லை, அக்கா என்று கூப்பிடுகிறான், மடியில் படுக்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவள் பேசக்கூடாது.

சாப்பாடு முடிந்து, பானைகளை மூடி, துணிகளை அவிழ்த்த பிறகுதான் அவள் பேசினாள்.

"நியெக்கோ?"

"போன வாரம் முடிஞ்சுது. அத்தை பார்த்த பொண்ணு."

அவள் பானையின் அடியைச் சாம்பலால் தேய்த்தாள். கரி போகும் வரை தேய்த்தாள்.

"வந்தவங்க எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்களா?" என்றாள்.

"சாப்பிட்டாங்க."

"அவ வீட்டு அடுப்புலயா?"

"ஆமா."

தலையசைத்தாள். சூரியன் சாயத் தொடங்கியிருந்தது, அடுத்த சமையலுக்கு விறகு பிளக்க வேண்டும். நான் கோடரியை எடுத்தேன். இங்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று என்னையறியாமல் பார்த்தேன். அடுப்புகளிலிருந்து நேரே பிள்ளைகள் பக்கம்தான் வீசியது. அடுப்பு வரிசையை மதிலுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டால் சரியாகிவிடும். சொல்ல வாயெடுத்தேன். ஆர்யேமோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறகைப் பிளந்தேன்.